4. வெளிமூச்சிலிருந்து தொடங்குங்கள்

ஜூன் மாதம் ஜி.டி. நெல்லூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். டோக்கன் எப்போது கிடைக்கும், அதற்குள் காய் கனிந்து ஒழுகிவிடுமா, எடை போடும் நேரத்தில் என்ன விலை சொல்வார்கள் என்பதே பேச்சு. 2025 சீசனில் ஆலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மேற்கொண்டு 4 ரூபாய் என்று அறிவிப்பு வந்த பிறகும் அந்தக் கவலை தீரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டிரெய்லர் ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கடன் கணக்குப் போடுகிறவரிடம் போய் “மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் அடிக்க வருவார். வரத்தான் வேண்டும். மனத்துக்கு நேரடியாக உத்தரவு போட யாராலும் முடியாது.

மூச்சுக்குப் போடலாம். இதயம், செரிமானம், வியர்வை எல்லாம் நம்மைக் கேட்காமல் நடக்கின்றன. மூச்சு ஒன்றுதான் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். அந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு மனத்தின் வேகத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். முதல் மூன்று அத்தியாயங்களில் உடம்புக்கான ஆசனங்களைப் பார்த்தோம். அவற்றைப் படிக்காமல் நேரே இங்கே வந்தவர்களும் செய்யும்படிதான் வரிசை அமைத்திருக்கிறேன்.

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று இருக்கும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து சித்தூர் தனி மாவட்டமானாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணினாலும் ஒக்கட்டி, ரெண்டு என்று எண்ணினாலும் பலன் ஒன்றுதான்.

தியரி இவ்வளவு போதும்

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும். விடும்போது கொஞ்சம் குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் சிலருக்கு இது விரலிலேயே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு வெளிமூச்சின்போது கடிவாளத்தை இறுக்குவதால் வருவது இது. ஆகவே வெளிமூச்சு நீண்டால் கடிவாளம் பிடிபட்டிருக்கும் நேரமும் நீளும்.

2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சுவையான விஷயத்தைக் கண்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் திபெத்திய மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆக இறங்குகிறது. அந்த வேகத்தில் இதயமும் ரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று ஒத்திசைகின்றன. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். நாம் போய்ச்சேர வேண்டிய இடம் அந்த ஆறு. முதல் நாளே அல்ல.

மூளைக்குள் என்ன நடக்கிறது? பாஸ்டனில் 2007-இல் நடந்த ஆய்வில், பழகியவர்கள் ஒரு மணி நேரம் யோகா செய்த பிறகு, மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருள் 27 சதவீதம் கூடியிருந்தது. பார்த்தது சொற்பப் பேரைத்தான். இந்த எண்ணை நோட்டீசில் அச்சடிப்பவர்கள் அதைச் சொல்வதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2000-இல் வெளியான ஆய்வு இன்னும் அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது. கடுமையான மனச்சோர்வு உள்ள 45 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மின்னதிர்வு சிகிச்சை, இன்னொன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, மூன்றாவதற்கு சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் நோய் விலகியவர்கள் முறையே 93, 73, 67 சதவீதம். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது பெரிய செய்திதான். ஆனால் முதலிடம் எதற்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இது மருத்துவமனையில், மருத்துவர்கள் கண்ணெதிரே நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் பழைய நூல்களிலும் இந்த வழி உண்டு. மனத்தை நிறுத்தப் பதஞ்சலி பட்டியலிடும் உபாயங்களில் மூச்சை வெளியே விடுவதும் ஒன்று. திருமூலர் திருமந்திரத்தில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடச் சொல்கிறார். அதில் இழுப்பதைப்போல் விடுவது இரண்டு மடங்கு என்ற விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 64-ஐ அவரிடமே விட்டுவிடுங்கள். அது குருவின் பக்கத்தில் பல வருஷம் இருந்தவர்களுக்கு.

ஏன் இந்த வரிசை

பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கவலையோடு வந்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடி, “இப்போது தியானம்” என்கிறார்கள். கண்ணை மூடியதும் கவலைக்குத்தான் முழு மைதானமும் கிடைக்கிறது. ஐந்தாவது நிமிடம் எழுந்து போய் “எனக்கு இது ஒத்துவராது” என்கிறார்கள்.

நம் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கியதும் பாகு ஆறிவிடுவதில்லை. பரப்பிவிட்டுத் துடுப்பால் கிளறிக் கிளறித்தான் ஆறவைக்கிறார்கள். மனத்துக்கும் முதலில் அசைவு வேண்டும். அசைவோடு மூச்சு, பிறகு தனி மூச்சு, கடைசியில் சும்மா உட்காருதல்.

அசைவையும் மூச்சையும் சேர்த்துக் கட்டும் இந்த முறையைச் சென்னையில் வளர்த்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். நம் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியும் தேசிகாச்சாரிடம் ஆசனம் கற்றார். குருவும் வேண்டாம், தியான முறையும் வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய மனிதர் பாயை மட்டும் விடாமல் விரித்தார் என்பது எனக்குப் பிடித்த முரண்.

தொடங்குமுன்

நேரம்: காலை 5 முதல் 6. ஏப்ரல், மே மாதங்களில் அதற்குப் பிறகு மொட்டை மாடியில் தரை சுடத் தொடங்கிவிடும். காலையில் முடியாதவர்கள், குறிப்பாக பால் கறக்கிறவர்களும் முதல் ஷிப்ட் போகிறவர்களும், சாயங்காலம் காபி குடித்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்யலாம்.

வயிறு: சாப்பிட்டு மூன்று மணி நேரம், டிபன் என்றால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம்.

விரிப்பு: கோரைப்பாய் மேல் மடித்த ஜமக்காளம். வழுவழுப்பான தரையில் ஜமக்காளத்தை மட்டும் விரித்தால் பூனை நிலையில் நழுவும். கடையில் விற்கும் ரப்பர் பாய் கட்டாயமில்லை.

உட்கார: தரையில் உட்கார்ந்தால் முதுகு கூனுகிறவர்கள் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி. நாற்காலியில் செய்தால் பலன் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன்: ஏரோபிளேன் மோடில். நேரம் பார்க்கச் சுவர்க்கடிகாரம் போதும்.

இருபத்தைந்து நிமிட வரிசை

*முதல் பகுதி: உடம்பு*

1. அளவெடுங்கள். மல்லாந்து படுத்து, ஒரு கையைத் தொப்புள்மேல் வையுங்கள். மூச்சை மாற்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கை மேலேறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். சுவரில் தொங்கும் காலண்டர் தாளில் அந்த எண்ணை எழுதுங்கள்.

2. எழுந்து நில்லுங்கள், கால்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி. மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் முன்வழியாக மேலே தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். 6 முறை. கை அசையத் தொடங்கும் கணத்துக்கு ஒரு நொடி முன்னால் மூச்சு தொடங்க வேண்டும், கை நின்ற பிறகே மூச்சு முடிய வேண்டும். வரிசை முழுக்க இந்த விதிதான்.

3. கைகளை மேலே தூக்கிய நிலையிலிருந்து, மூச்சை விட்டுக்கொண்டே முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனியுங்கள். கை தொடையிலோ முழங்காலிலோ எங்கே வருகிறதோ அங்கே நிற்கட்டும். இழுத்துக்கொண்டே எழுங்கள். 6 முறை. தரையைத் தொட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இடுப்பு வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

4. பூனை நிலை. கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் தள்ளி முதுகைக் கீழிறக்குங்கள். விடும்போது வயிற்றை உள்ளிழுத்து முதுகை வளைத்துத் தூக்குங்கள். 8 முறை. இங்கேதான் முதல் மாற்றம் தெரியும். நான்காவது ஐந்தாவது சுற்றில், முதுகு மேலே வளைந்து நிற்க, காற்று முழுதும் போன பிறகு அடுத்த மூச்சுக்கு அவசரமில்லாத ஒரு சின்ன இடைவெளி வரும். அதை நீட்டிக்க முயலாதீர்கள். வந்ததைக் கவனித்தால் போதும்.

5. மல்லாந்து படுத்து முழங்கால்களைக் கைகளால் பிடியுங்கள். விடும்போது முழங்கால் மார்பை நோக்கி வரும், இழுக்கும்போது விலகும். 8 முறை. பிறகு காலை நீட்டி ஒரு நிமிடம் சும்மா கிடங்கள்.

இந்தப் பகுதிக்கு 9 அல்லது 10 நிமிடம் ஆகும். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டால் நீங்கள் செய்தது டிரில்.

*இரண்டாம் பகுதி: மூச்சு*

6. உட்காருங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். 3 நிமிடம். 4–6 கடினமாக இருந்தால் 3–4. அது சுலபமாக வந்த பிறகே 4–6. மாதக்கணக்கில் பழகிய பிறகு 4–8 போகலாம், போகாவிட்டாலும் நஷ்டமில்லை.

மூச்சு லேசாக இருக்க வேண்டும். நெஞ்சு புடைக்க இழுப்பது தவறு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டால் அதிகம் இழுக்கிறீர்கள்.

7. நாடிசுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடது வழியாக இழுங்கள். மோதிரவிரலால் இடதை மூடி, வலது வழியாக விடுங்கள். அதே வலதில் இழுத்து, இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. 9 சுற்று. எண்ணிக்கை மேலே சொன்ன அதே 4–6.

நாசியைக் கிள்ளாதீர்கள், ஓரத்தில் தொட்டு அழுத்தினால் போதும். தலை வலது பக்கம் சாயும், வலது தோள் தூக்கிக்கொள்ளும். இரண்டும் எல்லோருக்கும் நடக்கும். மூன்று சுற்றுக்கு ஒருமுறை தோளை இறக்குங்கள். சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் இதைத் தவிர்த்து 6-ஆம் படியையே நீட்டிக்கொள்ளுங்கள்.

8. பிராமரி. உதடு மூடி, பல் ஒட்டாமல், மூச்சை விடும்போது “ம்...” என்று வண்டுபோல ரீங்கரியுங்கள். 5 முதல் 7 முறை. சத்தமாக இருக்க வேண்டியதில்லை; மேலுதட்டில் அதிர்வு தெரிந்தால் சரி. வெளிமூச்சை நீட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. எண்ணிக்கையே வேண்டாம், சத்தம் தீரும்வரை மூச்சு தானாக நீளும். எண்ணும்போதே பதற்றப்படுகிற சிலர் உண்டு. அவர்கள் 6, 7 இரண்டையும் விட்டுவிட்டு இதையே ஐந்து நிமிடம் செய்யலாம். குழந்தைகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்; சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

*மூன்றாம் பகுதி: சும்மா உட்காருதல்*

9. கையை மடியில் வைத்து 3 நிமிடம் உட்காருங்கள். மூக்கு நுனியில் காற்று போய்வருவதைக் கவனியுங்கள். மனம் போகும். மாங்காய்க்குப் போகும், மகள் பீஸுக்குப் போகும், நேற்று பங்காளி சொன்ன வார்த்தைக்குப் போகும். போயிருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த வெளிமூச்சுக்குத் திரும்புங்கள். மூன்று நிமிடத்தில் இருபது முறை திரும்பினால் இருபது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். ஜிம்மில் எடை தூக்குவதை எண்ணுகிறவர்கள் இதையும் அப்படியே எண்ணிக்கொள்ளலாம்.

10. மீண்டும் ஒரு நிமிடம் மூச்சை எண்ணி, படி 1-இல் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்மேல் வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து எழுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

நிலைமைக்குத் தகுந்தபடி

முழு வரிசைக்கு நேரம் இல்லாத நாள்தான் அதிகம். அப்போது:

படபடப்பு, நெஞ்சு அடிப்பு: படி 4, படி 8. மொத்தம் 6 நிமிடம்.

தூக்கம் வராத இரவு: படுக்கையிலேயே படி 5, பிறகு மல்லாந்தபடி 4–6 மூச்சு. தூங்க வேண்டும் என்று செய்யாதீர்கள்; தூக்கத்தைத் துரத்தினால் அது ஓடும். இருபது நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வெளித்திண்ணையில் உட்கார்ந்து, கொட்டாவி வந்ததும் திரும்புங்கள்.

மந்தம், எதிலும் மனம் ஒட்டாத காலை: படி 2-ஐயும் 3-ஐயும் இரட்டிப்பாக, கொஞ்சம் வேகமாக. மந்தமான மனத்துக்கு நீண்ட வெளிமூச்சு மேலும் மந்தம் தரும். இங்கே பலர் தவறுகிறார்கள். சோம்பிக் கிடப்பவருக்கும் பதறுகிறவருக்கும் ஒரே மருந்து அல்ல. புதுச்சேரி ஜிப்மரில் பள்ளி மாணவர்களை முக பஸ்திரிகா என்ற வேகமூச்சு செய்யவைத்துப் பார்த்தபோது, ஒளிக்கும் ஒலிக்கும் அவர்கள் எதிர்வினை காட்ட எடுக்கும் நேரம் உடனே குறைந்தது, அதாவது மனம் சுறுசுறுப்பானது. 2003-இல் வெளியான ஆய்வு. ஆனால் வேகமூச்சை ஆசிரியர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஈஏபிசெட், நீட் எழுதுகிற பிள்ளைகள்: பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே நாடிசுத்தியைப் பழக்குங்கள். ஹாலுக்குள் போய் உட்கார்ந்தபின் முதல்முறை செய்து பார்க்கிற விஷயம் அல்ல. ஹாலில் மூக்கைப் பிடிக்க வேண்டாம். ஆறு வெளிமூச்சு போதும்.

லாரி, டிராக்டர் வரிசையில் காத்திருப்பவர்: இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சீட்டில் உட்கார்ந்தபடி 4–6 மூச்சு ஐந்து நிமிடம், கண் திறந்தபடி. ஓட்டும்போது ஒருபோதும் வேண்டாம். புத்தூர் சாலையில் கண் சொக்கினால் மூச்சுப் பயிற்சி அல்ல, ஓரங்கட்டித் தூக்கம்தான் வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மூச்சை அடக்கிப் பார்ப்பது. “அண்ணா, நான் ஒரு நிமிஷம் அடக்குவேன்” என்பது ஊர்ப்பையன்கள் பேச்சு. இந்த அத்தியாயத்தில் எங்குமே அடக்குவது இல்லை. தலை கிறுகிறுப்பதும் உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் குறுகுறுப்பதும் “சக்தி ஏறுவது” அல்ல. அளவுக்கு மீறி ஆழமாக மூச்சு விட்டதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததன் அடையாளம். உடனே நிறுத்தி, சாதாரணமாக மூச்சுவிட்டால் சில நிமிடத்தில் சரியாகும்.

போனைப் பார்த்துத் தலைகீழாக நிற்பது. சிரசாசனம் மூளைக்கு நல்லது என்று காணொளிகள் சொல்கின்றன. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் அழுத்தம் இரண்டு மடங்காக ஏறியது. பழக்கமுள்ளவர்களுக்கே இப்படி. கண் நீரழுத்தம் இருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கும். மனத்துக்காகத் தலைகீழாக நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

காலி மனத்தை எதிர்பார்ப்பது. எண்ணம் நிற்காது. நிற்க வேண்டியதும் இல்லை.

தவறான அளவுகோல். “சாந்தி கிடைத்ததா?” என்று தினமும் கேட்டால் ஒருநாளும் கிடைக்காது. கோபம் வந்தபின் ஆற எவ்வளவு நேரமாகிறது? படுத்ததிலிருந்து தூங்க எவ்வளவு நேரம்? ராத்திரி எத்தனை தடவை முழிப்பு? இவற்றை வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, எழுதுங்கள். வீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள். கோபத்தைப் பற்றி அவர்கள் சொல்வதுதான் நம்பகமானது.

ஒருநாள் கூத்து. 2025 ஜூன் 21 அன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாக யோகா செய்து உலக சாதனை வைத்தார்கள். அதற்கு முந்தைய ஒரு மாதம் ‘யோகாந்திரா’ என்று மாநிலம் முழுக்க வகுப்பு நடந்தது. பலர் முதல்முறை பாய் விரித்தது அப்போதுதான். அந்த மட்டும் நல்லது. ஜூன் 22 அன்று பாய் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

எச்சரிக்கை: இதைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம்

ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் நீரழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சடக்கம், தலைகீழ் ஆசனங்கள் எதுவும் செய்யக்கூடாது. மேலே சொன்ன மெதுவான மூச்சு பெரும்பாலும் ஒத்துவரும். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் படி 3-ஐயும் படி 5-ஐயும் விட்டுவிட வேண்டும். மற்ற எந்தப் படியையும் மல்லாந்து நெடுநேரம் படுத்துச் செய்யக்கூடாது, அளவெடுப்பதை உட்கார்ந்தே செய்யலாம்.

மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், குறிப்பாகக் குரல் கேட்பது, அதீத உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது போன்ற பிரச்சினை உள்ளவர்கள், மருத்துவருக்குத் தெரியாமல் தியானமோ வேகமூச்சோ தொடங்க வேண்டாம். நோய் தூண்டப்படலாம். “யோகா செய்கிறேன், மாத்திரை எதற்கு” என்று நிறுத்துவது இந்தப் புத்தகத்திலேயே மிகவும் ஆபத்தான தவறு. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்தவர் வேலை.

சிலருக்குக் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தாலே பயம் கூடும். பெரிய விபத்து, அடிதடி, சாவு பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி திரும்ப வரும். அப்படி நடந்தால் நீங்கள் தோற்றுவிடவில்லை. முறையை மாற்ற வேண்டும். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, எதிரில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். அன்றைக்கு படி 9 வேண்டாம். படி 2, படி 4 போன்ற கண் திறந்த அசைவுகளோடு நிறுத்துங்கள். தொடர்ந்து மூன்று நாள் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் பாயை விரிக்காதீர்கள். தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். பூச்சிமருந்து டப்பா வீட்டில் இருந்தால் அன்றைக்கே அதை வேறொருவர் கையில் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். டெலி மானஸ் 14416 இலவச எண், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது பக்கத்து அரசு மருத்துவமனை. பக்கத்து வீட்டுக்காரர் இப்படிப் பேசினால் அவருக்கு யோகா சொல்லிக்கொடுக்கக் கிளம்பாதீர்கள், கூட உட்கார்ந்திருங்கள்.

ஆறு வார அட்டவணை

வாரம் 1: படி 1 முதல் 5 வரை, கடைசியில் படி 10. மூச்சுப் பயிற்சி வேண்டாம்.
வாரம் 2: மேலே சொன்னவற்றோடு படி 6, எண்ணிக்கை 3–4.
வாரம் 3: படி 6-ஐ 4–6 ஆக்குங்கள். படி 8 சேர்க்கவும்.
வாரம் 4: படி 7 சேர்க்கவும், முதலில் 5 சுற்று.
வாரம் 5: படி 9, ஒரு நிமிடம் மட்டும்.
வாரம் 6: முழு வரிசை.

வாரத்துக்கு ஐந்து நாள் செய்தால் போதும். அமாவாசை, திருவிழா, கல்யாணம் எல்லாம் மீதி இரண்டு நாளில் அடங்கும். காலண்டரில் எழுதிய எண்களில் இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைந்துகொண்டே வரும். சில வாரங்களில் முதல் எண்ணும் குறையத் தொடங்கும். குறையாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். மூச்சு லேசாக இருக்கிறதா, படி 2-இன் விதி நடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

மாங்காய் சீசனில் பத்துப் பதினைந்து நாள் விட்டுப்போகும். திரும்ப உட்காரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டாம் வாரத்து 3–4 எண்ணிக்கையில் மூன்று நாள் செய்து, பிறகு 4–6-க்கு ஏறுங்கள். ஒரு மாதத்துக்குமேல் விட்டிருந்தால் முதல் வாரம்.